முழு அட்டையா... அஞ்சு மாத்திரையா?

ஒண்ணாம் தேதி ஆனால் உங்களுக்கெல்லாம் சம்பளம் வரும். எனக்கு மாத்திரை தீர்ந்துவிடும்.

எழுதிப் பிழைக்கிற ஆசாமிக்குச் சம்பளம் என்பது எப்போதாவது வருகிற செக். வரும்... வந்துகொண்டே இருக்கும்... வராது. ஆனால் சர்க்கரைக்கு இதெல்லாம் தெரியுமா? அதற்கு சி.எல். கிடையாது, இ.எல். கிடையாது, பொங்கலுக்குக்கூட லீவு போடாது. (பொங்கலன்றைக்குத்தான் ஓவர்டைம் பார்க்கும்.)

2019-ல் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கேன்டீன் பக்கத்தில் இலவச மெடிக்கல் கேம்ப் என்று போர்டு வைத்தார்கள். இலவசம் என்றால் நமக்குத்தான் கால் தானாக நடக்குமே! போய் விரலை நீட்டினேன். மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். 186 என்றார்கள். முப்பது வயதில் கிரிக்கெட்டில்கூட நான் எடுக்காத ஸ்கோர்.

"அப்பாவுக்கு இருக்கா?" என்றார் டாக்டர்.

"இருக்கு சார்."

"அப்ப சொத்து கைக்கு வந்தாச்சு. பத்திரமா வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். வேலை இருந்த வரைக்கும் மாத்திரை ஒரு பெரிய செலவாகத் தெரியவில்லை. 2022-ல் வேலையை விட்டு, பேனாவை நம்பி இறங்கினேன். 2023-ல் டாக்டர் சீட்டில் நாலாவதாக ஒரு பெயரைச் சேர்த்தார். "இது புது மருந்து. சுகருக்கும் ஆச்சு, கிட்னிக்கும் இதயத்துக்கும் நல்லது" என்றார். நல்லதுதான். மருந்துக் கடையில் பில்லைப் பார்த்ததும் அந்த இதயமே ஒரு தடவை நின்று ஓடியது.

பி.காம். படித்த தோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. புது மாத்திரை, அதன் பெயர் எம்பாகிளிஃப்ளோசின், ஒன்று 60 ரூபாய். மாதம் 1,800. சர்க்கரைக்கு ரெண்டு வேளை காம்பினேஷன் மாத்திரை 11 ரூபாய் வீதம் 660. பிரஷர் மாத்திரை 360. கொலஸ்ட்ராலுக்கு 300. ஆக மொத்தம் 3,120. அந்த மாதம் எனக்கு வந்த செக் இரண்டு. ஒன்று 4,000. இன்னொன்று, எடிட்டர் மன்னிக்க வேண்டும், 1,500.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டால் என்ன? செலவு பாதி! இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை டாக்டர்கள் படித்தார்கள்? கூடவே சர்க்கரை மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டினேன். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்.ஆர்.' என்று இரண்டு எழுத்து இருந்தது. ஏதோ கம்பெனி ஓனரின் இனிஷியல் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் மாதம் அந்த மூன்று மாதச் சராசரி டெஸ்ட், அதாவது ஹெச்.பி.ஏ.1சி, எடுத்தேன். 7.2 இருந்தது 9.1 ஆகியிருந்தது. வயிறு வேறு எந்நேரமும் கடமுடா.

டாக்டரிடம் பொய் சொல்லலாம். அந்த டெஸ்ட்டிடம் சொல்ல முடியாது. முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற அது ஃபாஸ்டிங் அல்ல. மூன்று மாதத்து லெட்ஜரை அப்படியே விரித்து வைத்துவிடும். உண்மையைச் சொன்னேன்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எஸ்.ஆர்.னா என்ன தெரியுமா? மருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளியே வர்ற மாதிரி செஞ்ச மாத்திரை. அதை நீங்க பிளேடு போட்டு அறுத்தா மொத்தமும் ஒரே நேரத்துல கொட்டும். அதான் வயிறு அப்படிப் பண்ணுது. பணம் கஷ்டம்னா என்கிட்டே சொல்ல வேண்டியதுதானே? நான் சீட்டை மாத்தி எழுத மாட்டேனா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நமக்கெல்லாம் டாக்டரிடம் எதையும் சொல்ல முடிகிறது. மலச்சிக்கலைச் சொல்லுவோம், மூலத்தைக் காட்டுவோம். 'சார், காசு இல்லை' என்பது மட்டும் வாயில் வராது. மற்ற யுக்தி எல்லாம் இதற்கு அப்புறம்தான் சார்.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்தது இது. நம்ம ஊர் மருந்துக்கு இரண்டு பெயர். ஒன்று ஜாதகப் பெயர், அதாவது மூலப்பொருளின் பெயர். மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் என்று பல்லைச் சுளுக்கும். இன்னொன்று செல்லப் பெயர். கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே மெட்ஃபார்மினை எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ செல்லப் பெயரில் விற்கின்றன. விலையும் அப்படியே. டாக்டர் செல்லப் பெயரை எழுதினால் கடைக்காரர் அதைத்தான் கொடுக்க வேண்டும். தானாக வேறு கம்பெனி சரக்கை மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. (நடைமுறையில், "இது இல்ல சார், அதே மருந்துதான், இதை வாங்கிக்குங்க" என்று நம்மில் எத்தனை பேரிடம் தள்ளியிருப்பார்கள்!) 2023 ஆகஸ்டில் எல்லா டாக்டரும் மூலப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதமே நிறுத்தி வைத்தது. ஆகவே நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். "சார், ஜெனரிக் பேரையும் சேர்த்து எழுதிடுங்க." இவ்வளவுதான் வசனம்.

அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்துக்குப் போனேன். 2008-ல் 'ஜன் அவுஷதி' என்று அமிர்தசரஸில் முதல் கடை திறந்தார்கள். இப்போது நாடு முழுக்க 15,000-க்கும் மேல். தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரி 24-ம் தேதி ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்களை' ஒரே நாளில் திறந்தது. கடையில் ஏ.சி. இல்லை, தள்ளுபடி போர்டு இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, மூன்று அட்டைகளை எடுத்து வைத்து ஒரு தொகை சொன்னார்.

"அம்மா, இது ஒரு அட்டைக்கா?"

"ஒரு மாசத்துக்கு சார். மூணு மாத்திரைக்கும் சேர்த்து."

முன்னூறுக்குள் இருந்தது. 1,320 கொடுத்து வந்த அதே மூன்று! சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. நடுத்தர வர்க்கத்து ரத்தம். மலிவாகக் கிடைத்தால், 'இதில் என்ன கோளாறோ?' என்றுதான் நினைக்கும். சுண்ணாம்பை உருட்டிக் கொடுக்கிறார்களா? இந்தக் கடைகளுக்கு வரும் சரக்கை ஒவ்வொரு பேட்ச்சாக லேபில் சோதித்த பிறகுதான் அனுப்புவது ஏற்பாடு. விலை குறைவதற்குக் காரணம் மருந்து குறைவது அல்ல. மெடிக்கல் ரெப்புக்குச் சம்பளம், பை, பைக் பெட்ரோல், டாக்டர் மேஜைக்கு பேனா ஸ்டாண்டு, இந்தச் செலவுகள் அதில் இல்லை. காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் 'செல்லிங் ஓவர்ஹெட்' என்று படித்தோமே, பாஸ் பண்ணியதும் மறந்தோமே, அதேதான்.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தேன். 7.1. என் சந்தேகத்துக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். சில நாள் போனால், "ஸ்டாக் இல்ல சார், செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார்கள். எனவே கடைசி மாத்திரை வாயில் இருக்கும்போது கடைக்குப் போகாதீர்கள். பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே போங்கள். அதற்காக என்னைப் போல் ஒரேயடியாக ஆறு மாதத்துக்கும் வாங்கி அடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு வாங்கிய ரெண்டாவது வாரம் டாக்டர் பிரஷர் மாத்திரை டோஸை மாற்றினார். மீதி இன்னும் பீரோவில் கொலு இருக்கிறது.

இந்த விஷயத்தைப் பெருமையாக என் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் ஓடுகிற வண்டி.

"மாப்ளே, நானும் நாளைக்கே மாத்திடறேண்டா!"

நல்ல வேளை, நாளைக்கு முன்னால் அவனுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டான். வாங்கிக் கட்டிக்கொண்டான். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது, இந்த மாதிரி மாத்திரைகளில் இம்மி அளவு ஏறி இறங்கினாலும் உடம்பு காட்டிவிடுமாம். அதனால் ஒரே கம்பெனி மாத்திரையில் நிலைத்து இருப்பதுதான் நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டர் சொல்லி, அவர் சொல்கிற டெஸ்ட்டும் எடுத்து மாற்ற வேண்டும். தைராய்டு என்றால் ஆறு, எட்டு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.ஹெச். நண்பன் மாற்றவில்லை. பைக் ஓட்டுகிற ஆசையைத்தான் விட்டிருக்கிறான், மாத்திரையை விடவில்லை. அவன் கணக்கில் அது ரைட்.

இப்போது அந்த 60 ரூபாய் மாத்திரைக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அவமானம் தனி.

புது மருந்து ஒன்று பேட்டன்ட்டில் இருக்கும்வரை அதைக் கண்டுபிடித்த கம்பெனி சொன்னதுதான் விலை. பேட்டன்ட் முடிந்த மறுநாள் மற்ற கம்பெனிகள் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நிற்கும். எம்பாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் 2025 மார்ச்சில் பேட்டன்ட் முடிந்தது. 60 ரூபாய் மாத்திரை பத்து ரூபாய்க்கும், அதற்குக் கீழேயும்கூட இறங்கியது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! வணிகப் பக்கத்தில் படித்து, 'ஆஹா, மருந்துக் கம்பெனிகளுக்கு நல்ல காலம்' என்று ஒரு கம்பெனியின் இருபது ஷேர் வாங்கினேன். நாலு மாதத்தில் 340 ரூபாய் லாபம். வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜூலை மாதம் ஒரு ராத்திரி, என் மனைவி மாத்திரை அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... எம்பா... கிளிஃப்... இது நீங்க அன்னிக்கு ஷேர் வாங்கும்போது சொன்ன பேரு மாதிரி இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. மார்ச்சிலிருந்து ஜூலை வரை நாலு மாதமாக, பழைய செல்லப் பெயரைச் சொல்லி, பழைய விலைக்கு, அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தேன்! மாதம் 1,500 வீதம் 6,000. அதில் 340 லாபம் கழிக்க, நிகர நஷ்டம் 5,660. கடைக்காரர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. நான் கேட்டேனா? "வழக்கமானது குடுங்க" என்றேன், கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீட்டிலுள்ள ஒவ்வொரு மூலப் பெயருக்கும், 'இதை இப்போது வேறு யாராவது செய்கிறார்களா?' என்று கேட்டுவிடுவது. விலை பார்க்க மத்திய அரசின் 'பார்மா சஹி தாம்' என்று ஒரு ஆப் இருக்கிறது. மூலப் பெயரை அடித்தால் எந்தக் கம்பெனி என்ன விலை என்று பட்டியல் வரும்.

விலை பார்க்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, அட்டை. பத்து மாத்திரை அட்டை 110, பதினைந்து மாத்திரை அட்டை 150 என்றால் கை தானாக 110-க்குப் போகும். மாத்திரைக்கு எவ்வளவு என்று பாருங்கள், 150 அட்டைதான் மலிவு. இன்னொன்று, '20 சதவீதம் தள்ளுபடி' என்று மின்னுகிற போர்டு. 150 ரூபாய் அட்டையில் 20 சதவீதம் தள்ளினால் 120. அதே மருந்து தள்ளுபடியே இல்லாமல் 60-க்கு இருந்தால்? ஜெனரிக் என்ற பெயரில் சில கம்பெனிகள் கடைக்காரருக்கு அடிமட்ட விலையில் கொடுத்து, அட்டையில் மட்டும் எம்.ஆர்.பி.யைக் கொழுக்க வைத்து அச்சடிப்பதும் உண்டு. அதில் தள்ளுபடி தருவது கடைக்காரருக்கு யானைக்குக் கொசுக்கடி. எம்.ஆர்.பி. என்பது விலை அல்ல சார், அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற கூரை. கூரை உயரத்தைப் பார்த்து வாடகை கொடுப்போமா?

ஆன்லைனிலும் வாங்கிப் பார்த்தேன். முதல் ஆர்டருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டாவது ஆர்டர் நாலாவது நாள் வந்தது. என் மாத்திரை இரண்டாவது நாளே தீர்ந்தது. அத்தோடு சரி.

ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 112 ரூபாய் இருந்தது 105 ஆக வேண்டும். பில்லில் ஒரு கண் வையுங்கள்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 வரை ஆபீசில் மெடிக்கல் பில் கொடுத்தால் வருஷம் 15,000 வரை வரி கிடையாது. மார்ச் மாதம் வந்தால் எங்கள் செக்‌ஷனில் இருபத்திரண்டு பேரும் நோயாளி. ஒரு கல்யாணமாகாத பையன் பிரசவ லேகியத்துக்கு பில் கொடுத்து மாட்டினான். அந்தச் சலுகையை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொடுத்தார்கள், செக்‌ஷனே குணமாகிவிட்டது! ஆனால் இப்போதும் பழைய வரி முறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அறுபது வயது தாண்டிய, இன்ஷூரன்ஸ் இல்லாத அப்பா அம்மாவுக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவில் வருஷம் 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பில்லும் நிஜமாக இருப்பது நல்லது.

அப்பா என்றதும்தான் இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. 2006-லிருந்து 2009 வரை நான் காலேஜில் பி.காம். படித்தேன். ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் கரெக்டாக வந்துவிடும். ஹாஸ்டலில் சினிமாவுக்குக்கூடக் காசு மிஞ்சும். 2014-ல் அப்பாவின் வலது கால் சுண்டு விரலில் புண் வந்து, ஆறாமல், விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா சொன்னாள்: "அந்த மூணு வருஷமும் மாத்திரை ஒண்ணு விட்டு ஒருநாள்தான்டா போட்டாரு. முழு அட்டை வாங்க மாட்டாரு. அஞ்சு மாத்திரை குடுங்கன்னு வெட்டி வாங்கிட்டு வருவாரு."

ஒன்று விட்டு ஒரு நாள். நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்தேனே, அந்த யோசனைக்கு வீட்டிலேயே காப்பிரைட் இருந்திருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் அதே மாத்திரை அன்றைக்கும் இலவசம்தான். தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்று ஆரம்பித்து, டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்கி, மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வைத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். வேறு மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்கு வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல். மில் ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்தக் கௌரவம் என்கிற வியாதிக்கு மட்டும் எந்த மருந்தகத்திலும் ஸ்டாக் இல்லை.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. ஒரு அம்மா வீடு தேடி வந்து, பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைத் திண்ணையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். அப்பாவுக்குக் கௌரவமும் மிச்சம், காசும் மிச்சம். நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, சாமி அலமாரியில் விபூதி தேடினேன். பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே வெள்ளை வெளேரென்று மாத்திரை. கொட்டி எண்ணினேன். 58.

"என்னப்பா இது?"

அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

"அவங்க குடுக்கிறதுல அப்பப்ப ஒண்ணு ரெண்டு எடுத்து வைக்கிறேன். நாளைக்கே நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தினா நான் வாங்கித் தர மாட்டேனா?"

"உனக்கே செக் எப்ப வருதுன்னு தெரியல" என்றார்.

அந்த 58-ஐயும் வாசலில் கொண்டுபோய்க் கொட்டப் போனேன். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டதால் எதற்கு எந்தத் தேதி என்றே தெரியவில்லை. அம்மா பின்னாலேயே வந்து, "மாடு கீடு தின்னுடப் போவுதுடா, அடுத்த வாட்டி அந்த அம்மா வந்தா குடுத்துடலாம், வை" என்றாள். வைத்தேன். ராத்திரி சாப்பாடானதும் அப்பா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்னுது போட்டியா?"

போடவில்லை. எழுந்து போய்ப் பையைத் திறந்தேன்.